பிக்கப்பா, டாப்பா? ஏடிவிக்கு ஸ்பிராக்கெட் பல் பாக்குற கணக்கு

நத்தம் பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கவங்க, அழகர்கோவில் ரோட்டு ரிசார்ட்காரங்க, எல்லாரும் ஏடிவியை, அதாவது கரட்டுல ஓடுற நாலு சக்கர வண்டியைக் கொண்டு வந்து கேக்குறது ஒண்ணுதான்: “அண்ணே, பிக்கப்பும் ஏறணும், டாப்பும் ஏறணும்.” பிக்கப்னா இழுவை, டாப்னா உச்ச வேகம். ரெண்டும் சேந்து கிடைக்காது. ஸ்பிராக்கெட், அதான் செயின் ஓடுற பல்சக்கரம், அதை மாத்தினா இன்ஜினுக்குப் புதுசா தெம்பு வராது. இருக்குற தெம்பை இழுவைக்குக் குடுக்கிறதா, ஓட்டத்துக்குக் குடுக்கிறதாங்கிறதுதான் மாறும்.

செயினுக்குப் பதிலா ஷாஃப்ட்ல (தண்டுல) ஓடுற வண்டிக்கு இந்தப் பேச்சே கிடையாது. செயின் வண்டின்னா மொதல்ல பல்லை எண்ணுங்க. சேறு மறைச்சிருந்தா ஒரு பல்லுல சாக்பீஸ் கோடு போட்டுட்டு சுத்தி எண்ணலாம். ஸ்போர்ட்ஸ் ஏடிவியில முன்னாடி 14, பின்னாடி 38 சகஜம். 38ஐ 14ஆல வகுத்தா 2.71. முன் ஸ்பிராக்கெட் அத்தனை சுத்து சுத்தினாத்தான் பின் அச்சு ஒரு சுத்து சுத்தும். இந்த எண் ஏறினா இழுவை கூடும், டாப் குறையும், எறங்கினா நேர்மாறு.

14ஐக் கழட்டிட்டு 13 போட்டா 2.92 வரும். நூத்துக்கு ஏழெட்டு பங்கு இழுவை கூடுது. அதே பலனுக்கு பின்னாடி 38ஐ 41 ஆக்கணும். முன்னாடி ஒரு பல் குறைக்கிறதும் பின்னாடி மூணு பல் கூட்டுறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால முன்னாடி இருந்தே ஆரம்பிங்க. விலை கம்மி, பிடிக்கலைன்னா பழசையே மாட்டிக்கலாம். ரொம்பச் சின்னதா மட்டும் போகாதீங்க. செயின் இறுக்கமா வளைஞ்சு சீக்கிரம் தேயும், ஸ்விங்ஆர்ம்ல (பின் அச்சைத் தாங்குற கை) இருக்குற ரப்பரையும் உரசித் தின்னுடும்.

டாப் எம்புட்டு குறையும்? கடைசி கியர்ல இன்ஜின் கத்திக்கிட்டுப் போய் லிமிட்டரை (இன்ஜின் சுத்து அளவு மீறாம தடுக்குறது) தொடுற வண்டின்னா, 100ல போனது 93ல நிக்கும். அந்த கியர்லயே திணறுற வண்டிக்கு அவ்வளவு குறையாது. அந்த மாதிரி வண்டிக்கு முன்னாடி 15 போட்டா டாப் ஏறாது, எறங்கக்கூடச் செய்யும்.

டயரை யாரும் கணக்குல சேக்குறதில்ல. தோப்புக்காரர் ஒருத்தர் பின்னாடி 20 இஞ்ச் டயரை எடுத்துட்டு 22 போட்டுட்டு வந்து, வண்டி இழுக்கலை, கார்புரேட்டரைக் கழட்டுங்கன்னார். டயர் உயரம் பத்துல ஒரு பங்கு கூடினா இழுவையும் ஏறக்குறைய அம்புட்டு போயிரும். 13 மாட்டி விட்டேன். முக்காவாசி திரும்பி வந்துச்சு, கார்புரேட்டரைத் தொடவே இல்ல.

மாட்டுறப்ப, செயினைக் கழட்டுறதுக்கு முன்னாடியே முன் ஸ்பிராக்கெட் நட்டைத் தளத்திருங்க. லாக் வாஷரோட மடிப்பை உளியால நிமித்திட்டு, ஒருத்தரை பின் பிரேக்கை மிதிக்கச் சொன்னா நட்டு அசையும். செயின் போன பிறகு ஸ்பிராக்கெட்டைப் பிடிச்சு நிறுத்த ஆள் தேடணும். பின் ஸ்பிராக்கெட்டைப் பெருசாக்கினா, 520ங்கிற அளவு செயின்ல ஒரு பல்லுக்கு அச்சு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் முன்னால வரணும். இடம் இல்லைன்னா செயின் நீளத்தைக் கூட்டணும். செயின் தளர்வை ஆள் உக்காந்த நிலையில ஒருதரம் பாருங்க, ஏன்னா ஸ்விங்ஆர்ம் அமுங்கும்போதுதான் செயின் இறுகும். பின் ஸ்பிராக்கெட்டோட பின்பக்கம் செயினைப் பிடிச்சு இழுத்தா பாதிப் பல் வெளிய தெரியுதா? அப்ப செயின், ரெண்டு ஸ்பிராக்கெட்னு செட்டாவே மாத்துங்க. தேஞ்ச செயின் புதுப் பல்லையும் தின்னுடும்.

சிறுமலை அடிவாரம், கரடு, உழுத செம்மண்ணுன்னா என் ஓட்டு 13க்குத்தான். ஆனா ஏத்தத்துல ஆக்சிலேட்டரைத் திடுக்குன்னு முறுக்கினாலோ அமுக்கினாலோ முன்சக்கரம் லேசா தூக்கும், உடம்பை முன்னால சாச்சு ஓட்டுங்க. சமதளத்துல டூரிஸ்ட் ஓட்டுற வண்டிக்கு கம்பெனி செட்டே போதும், பல்லைத் தொடாதீங்க.

ஸ்பீடோ சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருந்தா, 13 போட்ட பிறகு மீட்டர் கூடுதலாக் காட்டும். முன் சக்கரத்துல இருந்து எடுக்குற மீட்டர்னா பழைய கணக்கேதான்.