அஃபேசியா (மூளை பாதிப்பால் பேச்சு தடுமாறும் நிலை) வந்தவர் கையால் சொல்வதைப் பிடிப்பது எப்படி?
பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு வார்த்தை சிக்கவில்லையா? அவர் கையைப் பாருங்கள். "அது... அது..." என்று திணறிக்கொண்டே விரலால் சின்ன வட்டம் போட்டு, மேலே எதையோ தூவி, இன்னொரு வட்டத்தை வைத்து அமுக்கினால், சேலத்துக்காரருக்குச் சொல்லவா வேண்டும், இரண்டு தட்டைக்கு நடுவே காய்த்துருவல் வைத்த தட்டுவடை செட்தான்! ஆனாலும் அவசரப்படாமல் கொஞ்சம் பொறுத்து, அதே சைகையை நீங்களும் செய்து, "தட்டுவடை செட்டா?" என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்ற தலையாட்டல்கூட சிலருக்கு மாறிப்போகும், அதனால் கட்டைவிரலையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் மூளையின் இடது பக்கம்தான் அடிபட்டிருக்கும் என்பதால் வலது கை பலவீனமாக இருக்கலாம். சரி, இடது கையால் காட்டட்டும். கையும் குழம்பினால் பொருளையே தொட்டுக் காட்டலாம், வரையலாம். சைகை பழகினால் பேச்சு வராது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள், காதில் வாங்காதீர்கள்; சில சமயம் கை அசையும்போதே வார்த்தையும் வந்து விழும்.