மகரந்தம் இல்லை என்றதும் மரபணுவின் பெயரை எழுதிவிடாதீர்கள்: மகரந்தப்பை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக் கல்லூரிகளில் முதுகலைத் தாவரவியல், பயோடெக் மாணவர்களின் ப்ராஜெக்ட் தலைப்புகளில் ஆண்மலடு, அதாவது செடி வளமான மகரந்தத்தைத் தராத நிலை, அடிக்கடி இடம்பெறுகிறது. நெல், தக்காளி, ஆய்வகங்களில் வளர்க்கும் கடுகுக் குடும்பச் சிறுசெடியான அராபிடாப்சிஸ் என்று செடிகள் மாறினாலும் வாதம் ஒன்றுதான். இந்தச் செடியில் மகரந்தம் இல்லை, இதே செடியில் இந்த மரபணு மாறியிருக்கிறது, ஆகவே மகரந்தத்தை உண்டாக்குவது இந்த மரபணுதான். அந்த 'ஆகவே'யை எழுதுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. சோதிக்காமல் விட்டால் ஒரு வருட உழைப்பு வைவாவில் ஒரே கேள்வியில் சரிந்துவிடும்.

உருவாகாததும் வெளிவராததும் வேறு

பூவைத் தட்டினால் தூள் விழவில்லை என்றதும் 'மகரந்தம் உருவாகவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதுவது முதல் தவறு. மகரந்தம் நன்றாக முற்றியும் பை வெடிக்காமல் இருக்கலாம். பை வெடிக்க, பைச்சுவரில் எண்டோதீசியம் என்ற அடுக்கின் செல்சுவர்கள் தடிக்க வேண்டும். அராபிடாப்சிஸில் எம்.ஒய்.பி.26 மரபணு பழுதானால் அந்தத் தடிப்பு வராது. உள்ளே உயிருள்ள மகரந்தம் அடைபட்டுக் கிடக்கும். ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனை உற்பத்தி செய்யும் டி.ஏ.டி.1, ஓ.பி.ஆர்.3 மரபணுக்கள் பழுதானாலும் பை உரிய நேரத்தில் திறக்காது. ஆனால் இந்த இரண்டு சடுதிமாற்றச் செடிகளின் மொட்டுகளுக்கு ஜாஸ்மோனிக் அமிலத்தை வெளியிலிருந்து கொடுத்தால் வளம் திரும்பிவிடும். தக்காளியின் பி.எஸ்.-2 வகையில் மகரந்தம் நல்லது, பைதான் திறப்பதில்லை.

ஆகவே பூவைத் தட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பையை ஸ்லைடில் வைத்து ஊசியால் கிழித்து, உள்ளே இருப்பதைச் சாயமேற்றிப் பாருங்கள். அந்த மகரந்தத்தையே அதே செடியின் சூல்முடியில் தடவுங்கள். காய் பிடித்தால் பழுது வெடிப்பில் இருக்கிறது. பிறகு இன்னொரு பூவில் நல்ல செடியின் மகரந்தத்தைத் தடவுங்கள். அதிலும் விதை பிடிக்காவிட்டால் சூலகமும் பழுது. 'ஆண்மலடு' என்ற சொல்லையே அந்தச் செடிக்குப் பயன்படுத்த முடியாது. ஐந்து நிமிடக் கைவேலை இது. இதைச் செய்யாமல் நேராக ஆர்.என்.ஏ. எடுக்கப் போகிறவர்கள்தான் அதிகம்.

கத்திரியின் பை நீளவாக்கில் பிளக்காது, நுனித் துளை வழியாகத்தான் தூளை விடும். இது அந்தச் செடியின் இயல்பு, குறைபாடு இல்லை.

சென்னையின் வெயிலைக் கணக்கில் சேருங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடியிலோ வலைக்கூடத்திலோ வளர்த்த தக்காளியில் மகரந்தம் சுருங்கிப்போவதற்கு எந்தச் சடுதிமாற்றமும் வேண்டாம். பகலில் சுமார் 32 டிகிரிக்கும் இரவில் சுமார் 21 டிகிரிக்கும் மேலே போனாலே தக்காளியின் மகரந்த வளம் குறையத் தொடங்கும். சென்னைக் கோடையில் இரவே 27, 28 டிகிரியில் நிற்கிறது. அதிலும் வெப்பம் தாக்கும் நாள் பூ மலரும் நாள் இல்லை. மலர்வதற்கு 8 முதல் 13 நாட்களுக்கு முன்னால், குன்றல் பகுப்பும் (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு) நுண்வித்து (இளம் மகரந்தச் செல்) உருவாதலும் நடக்கும் கட்டத்தில்தான் தக்காளி மிகவும் அடிபடும். பூப்பறித்த அன்றைய வெப்பநிலையை மட்டும் குறித்துவைத்தால் பயனில்லை. அதற்கு முந்தைய இரண்டு வாரப் பதிவு வேண்டும். 300 ரூபாய் அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானி ஒன்று செடிகளுக்கு நடுவிலேயே தொங்கட்டும். மீனம்பாக்கத்து வானிலைக் கணக்கு உங்கள் வலைக்கூடத்துக்குப் பொருந்தாது.

நெல்லில் கதை வேறு. பூக்கும் வேளையில் 35 டிகிரியைத் தாண்டினால் பை சரியாக வெடிக்காமல் பதர் கூடும். வெப்பத்தால் மலடாகும் டி.ஜி.எம்.எஸ். நெல் வகைகளைச் சென்னைக் கோடையில் நட்டுவிட்டு, 'எல்லாச் செடியும் மலடு, ஒடுங்கு மரபணு ஒத்த நிலையில் (இரண்டு பிரதியிலும்) இருக்கிறது' என்று முடிவு கட்டக் கூடாது. அந்த வகைகள் குளிர்ந்த இடத்தில் விதை பிடிக்கும். அவற்றைப் பெருக்க மலைப்பகுதிகளைத் தேடிப்போவதே அதனால்தான். கட்டுப்பாட்டுச் செடி அதே நாளில், அதே கூடத்தில், பக்கத்துத் தொட்டியில் இருக்க வேண்டும். ஜனவரியில் பார்த்த நல்ல செடியை மே மாத மலட்டுச் செடியோடு ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை.

மொட்டின் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள்

அராபிடாப்சிஸ் மகரந்தப்பையின் வளர்ச்சியை 14 நிலைகளாகப் பிரிக்கிறோம். நெல்லுக்கும் 14 நிலைகள் உண்டு. இந்த நிலைகளை மொட்டின் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ரகம் மாறினால் அளவு மாறும். மலட்டுச் செடியில் பை மெலிந்து மொட்டும் சிறுத்திருந்தால், அளவு பொருத்தி எடுக்கும் இரண்டு மொட்டுகளும் வெவ்வேறு வயதில் இருக்கும்.

நெல்லில் கொடியிலையின் காதுக்கும் அதற்குக் கீழ் இலையின் காதுக்கும் உள்ள இடைவெளியை முதல் அடையாளமாக வைக்கலாம். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும்போது கதிரின் நடுப்பகுதியில் குன்றல் பகுப்பு நடக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரே கதிரிலும் மேல்பூக்கள் முந்தும், கீழ்ப்பூக்கள் பிந்தும். ஆகவே ஒரு பூவின் ஆறு பைகளில் ஒன்றை அசிட்டோகார்மைனில் நசுக்கிப் பார்த்து நிலையை உறுதி செய்துகொண்டு, மீதி ஐந்தை நிலைப்படுத்தவோ ஆர்.என்.ஏ.வுக்கோ எடுங்கள். நிலைப்படுத்த எத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். போன வாரம் கலந்த பாட்டிலில் எஸ்டர் உருவாகியிருக்கும், குரோமோசோம்கள் மங்கும்.

டபீட்டம் விஷயத்தில் இந்த நிலைக் குழப்பம் பெரிய விபத்தை உண்டாக்கும். மகரந்தப்பைச் சுவர் வெளியிலிருந்து உள்ளே புறத்தோல், எண்டோதீசியம், இடை அடுக்கு, டபீட்டம் என்று நான்கு அடுக்கு. கடைசி அடுக்கான டபீட்டம் மகரந்தத்துக்கு உணவும் அதன் வெளிச்சுவரான எக்சைனுக்கான பொருளும் கொடுத்துவிட்டு, திட்டமிட்டபடி தானே அழிய வேண்டும். முற்றிய பையில் டபீட்டம் இல்லாதது நல்ல செடியிலும் உண்மை. அதைப் பார்த்து 'டபீட்டம் உருவாகவில்லை' என்று எழுதுவது பிழை. முன்கூட்டியே அழிந்தாலும் மலடு, தாமதமாக அழிந்தாலும் மலடு. நெல்லில் டி.டி.ஆர். மரபணு பழுதானால் அழிவு தாமதப்பட்டு நுண்வித்துகள் சிதைகின்றன. ஒரு நிலையின் வெட்டு போதாது. நான்கு நுண்வித்துகள் ஒட்டியிருக்கும் நாற்கூறு நிலை, தனித்த நுண்வித்து நிலை, வெற்றிடம் பெருத்த நிலை என்று குறைந்தது மூன்று நிலைகளில் இரண்டு செடிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

சாயம் சொல்வது என்ன, சொல்லாதது என்ன

அலெக்சாண்டர் சாயம் ஏற்றி, 'உயிர்ப்பு 94 சதவீதம்' என்று அட்டவணை போடுவதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான தவறு. இந்தச் சாயத்தில் மாலகைட் பச்சை சுவரைப் பிடிக்கும், அமில ஃபுக்சின் சைட்டோபிளாசத்தைச் சிவப்பாக்கும். உள்ளே சரக்கு இருக்கிறதா, காலியா என்பதுதான் அதற்குத் தெரியும். கார்னாய் போன்ற நிலைப்படுத்தும் கரைசலில் முன்பே கொன்ற மகரந்தமும் அழகான சிவப்பில்தான் தெரியும். கொன்றதையும் உயிருள்ளதையும் ஒரே நிறத்தில் காட்டும் சாயத்தால் உயிர்ப்பை எப்படி அளப்பது? அட்டவணையில் 'சிதையாத மகரந்தம்' என்று எழுதுங்கள், சரியாக இருக்கும்.

அயோடின் சாயம் ஸ்டார்ச்சைக் காட்டும். நெல்லுக்கு அது பொருத்தம், ஏனென்றால் முற்றிய நெல் மகரந்தத்தில் ஸ்டார்ச் நிறைந்திருக்கும். அராபிடாப்சிஸில் முற்றிய மகரந்தத்தில் ஸ்டார்ச் ஏறக்குறைய இருக்காது. அங்கே நிறம் ஏறாததை மலடு என்று எண்ணக் கூடாது. கரைசல் செய்யும்போது முதலில் 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை 10 மி.லி. நீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடினைக் கரைத்து, பிறகுதான் 100 மி.லி.க்கு நிரப்ப வேண்டும். அயோடினை நேரே நீரில் போட்டால் கரையாது. அடியில் கருந்துகள் தங்கி, கரைசல் வெளிறி, நல்ல மகரந்தமும் மலடு மாதிரித் தெரியும்.

உயிர்ப்பு வேண்டுமென்றால் ஃப்ளோரசீன் டைஅசிடேட்டில் ஒளிர்வைப் பாருங்கள், அல்லது முளைக்கவைத்துப் பாருங்கள். ப்ரூபேக்கர்-க்வாக் ஊடகத்தில் 100 மி.லி.க்கு சுக்ரோஸ் 10 கிராம், போரிக் அமிலம் 10 மி.கி., கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் 30 மி.கி., மெக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 20 மி.கி., பொட்டாசியம் நைட்ரேட் 10 மி.கி. கால்சியத்தையும் சல்ஃபேட்டையும் ஒரே அடர்கரைசலில் சேர்த்துவைத்தால் வீழ்படிவாகிவிடும். தனித்தனி பாட்டிலில் வைத்துக் கடைசியில் சேருங்கள். ஏ.சி. அறையில் துளி சீக்கிரம் காயும், சுக்ரோஸ் செறிவு ஏறி முளைப்பு நின்றுவிடும். ஈர வடிதாள் போட்ட பெட்ரி தட்டுக்குள் ஸ்லைடை மூடி வையுங்கள். குழாயின் நீளம் மகரந்தத்தின் விட்டத்தைத் தாண்டினால் மட்டுமே முளைத்ததாக எண்ணுவது வழக்கம். நெல் மகரந்தம் பையைவிட்டு வந்த சில நிமிடங்களிலேயே உயிர்ப்பை இழக்கும். வயலிலிருந்து கல்லூரிக்கு எடுத்துவந்து முளைக்கவைக்கும் முயற்சி வேண்டாம்.

எண்ணும்போது ஸ்லைடின் நடுவை மட்டும் பார்க்காதீர்கள். கவர் ஸ்லிப்பை அழுத்தும்போது காலியான, சிறுத்த தூள்கள் விளிம்புக்கு ஒதுங்கும். ஒரு பூவுக்கு 200 முதல் 300 வரை, ஒரு செடிக்கு மூன்று பூக்களாவது எண்ணுங்கள்.

பழுது தாய்ச்செடியிலா, மகரந்தத்திலேயா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எழுதப்படும் எந்த முடிவும் நிற்காது. டபீட்டம் தாய்ச்செடியின் திசு, இருமடியம் (இரண்டு தொகுதி குரோமோசோம் கொண்டது). அதில் வேலை செய்யும் மரபணுவின் பழுது ஒடுங்குநிலையில் இருந்தால், கலப்பு நிலைச் செடியின் (ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி பழுது) எல்லா மகரந்தமும் நன்றாகவே இருக்கும். அதைத் தற்கலப்பு செய்தால் வரும் செடிகளில் நான்கில் ஒன்று முழு மலடு. மாறாக, பழுது ஒருமடிய (ஒரே தொகுதி குரோமோசோம் கொண்ட) மகரந்தத்துக்குள்ளேயே வேலை செய்யும் மரபணுவில் என்றால், கலப்பு நிலைச் செடியிலேயே பாதி மகரந்தம் வீணாகும். பழுதான பிரதி ஆண்வழியாகக் கடத்தப்படாது. ஒத்த நிலைச் செடி கிடைக்கவே கிடைக்காது. நெல்லின் வாக்ஸி மரபணு இதைக் கண்ணால் பார்க்க நல்ல பாடம். கலப்பு நிலைச் செடியின் மகரந்தத்தை அயோடினில் வைத்தால் பாதி கருநீலம், பாதி செம்பழுப்பு. ஒவ்வொரு தூளும் தன் மரபணுவைத் தானே காட்டுகிறது.

இரண்டையும் பிரித்தறிய மாற்றுக் கலப்பு செய்யுங்கள்: கலப்பு நிலைச் செடியை ஒருமுறை தாயாகவும் ஒருமுறை தந்தையாகவும் வைத்து, நல்ல செடியோடு கலந்து, சந்ததியை மரபணு வகைப்படுத்துங்கள். தாய்வழியில் 50 சதவீதம், தந்தைவழியில் பூஜ்யம் என்றால் பழுது மகரந்தத்துக்குள். மலட்டுத்தன்மை தாய்வழியாக மட்டும் எல்லாச் சந்ததிக்கும் போனால் மைட்டோகாண்ட்ரியாவைச் சந்தேகியுங்கள். 1994-இல் தமிழ்நாட்டில் வெளிவந்த எம்.ஜி.ஆர். வீரிய ஒட்டு நெல்லுக்கு அடிப்படையான சைட்டோபிளாச ஆண்மலடு அந்த வகை.

செடிகளின் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. 40 செடிகளில் 14 மலடு என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்த்த விகிதத்திலிருந்து விலகலை அளக்கும் கை வர்க்க மதிப்பு 3:1-க்கு 2.13, 1:1-க்கு 3.6. இரண்டுமே 3.84 என்ற 5 சதவீத வரம்புக்குள். அதாவது விதை தற்கலப்பில் வந்ததா (3:1), மலட்டுச் செடியில் பக்கத்துக் கலப்பு நிலைச் செடியின் தூள் விழுந்து வந்ததா (1:1) என்றுகூட இந்த எண்ணிக்கையால் சொல்ல முடியாது. அதே விகிதம் 160 செடிகளில் 56 என்று வந்தால் மதிப்புகள் 8.53, 14.4 ஆகிவிடும், இரண்டுமே பொருந்தாது என்று தெளிவாகத் தெரியும்.

பாதி மகரந்தம் காலி என்றால் குரோமோசோமையும் பாருங்கள்

கல்லூரித் தோட்டங்களில் ஓரத்தில் நடும், இலையின் அடிப்புறம் ஊதாவாக இருக்கும் ரோயோ செடியை எடுங்கள். அதன் மகரந்தத்தில் பெரும்பங்கு காலி. அங்கே மகரந்தப்பை மரபணு எதுவும் கெடவில்லை. 12 குரோமோசோம்களும் குன்றல் பகுப்பில் வளையமாகவோ சங்கிலியாகவோ கோத்துக்கொண்டு, சமமாகப் பிரியத் தவறுகின்றன. நாம் சாப்பிடும் வாழை வகைகளில் பெரும்பாலானவை மும்மடியம். அங்கும் அதுதான் கதை. டி-டி.என்.ஏ. என்ற துண்டைச் செருகி மரபணுவைக் கெடுத்த அராபிடாப்சிஸ் வரிசைகளிலும் செருகலின்போது குரோமோசோம் துண்டு இடம் மாறியிருப்பது அரிதல்ல. பாதி மகரந்தத்தோடு பாதி சூலும் காலியாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். நான்கு மகரந்தங்களும் ஒட்டியே இருக்கும் க்யூ.ஆர்.டி.1 சடுதிமாற்றச் செடியின் பின்னணியில் கலந்து பார்த்தால் விடை எளிது. ஒற்றை மரபணுப் பழுது என்றால் ஒவ்வொரு நாற்கூறிலும் இரண்டு நல்லது, இரண்டு காலி. இடமாற்றம் என்றால் நான்கும் நல்லது, நான்கும் காலி என்ற நாற்கூறுகளும் கலந்து வரும்.

மரபணு 'குறைந்தது' என்பதன் பொருள்

டபீட்டத்தில் டி.ஒய்.டி.1, டி.டி.எஃப்.1, ஏ.எம்.எஸ்., எம்.எஸ்.188, எம்.எஸ்.1 என்ற வரிசையில் ஒன்று அடுத்ததை இயக்குகிறது என்பது அராபிடாப்சிஸில் நிறுவப்பட்டது. இந்த வரிசையைப் படித்துவிட்டு, தன் மலட்டுச் செடியில் ஏ.எம்.எஸ். குறைந்ததை, மரபணு வெளிப்பாட்டை அளக்கும் க்யூ.பி.சி.ஆரில் பார்த்தவுடன் 'என் மரபணு ஏ.எம்.எஸ்.ஸை இயக்குகிறது' என்று அம்புக்குறி போடுவது ஆபத்து. இ.எம்.எஸ்.1 பழுதான செடியில் டபீட்டமே கிடையாது. அதன் இடத்தில் மகரந்தத் தாய்செல்கள் கூடுதலாக இருக்கும். செல்லே இல்லாத இடத்தில் அந்தச் செல்லின் மரபணுக்கள் எல்லாமே 'குறைந்து'தான் தெரியும். திசு இன்னும் நல்ல நிலையில் இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் அளந்து, திசுவெட்டிலேயே ஆர்.என்.ஏ.வைக் காட்டும் இன் சிட்டு முறையில் இடத்தை உறுதிசெய்து, புரதம் அந்த மரபணுவின் முன்னியக்கியில் (மரபணுவை இயக்கும் முன்பகுதி) போய் அமர்கிறதா என்று சிப் முறையில் காட்டிய பிறகே அம்புக்குறி போடலாம்.

ஒப்பீட்டு மரபணுவிலும் கவனம் வேண்டும். அராபிடாப்சிஸில் ஆக்டின் 2 இலை, தண்டு, வேரில் நன்றாக வெளிப்படும், மகரந்தத்தில் மிகக் குறைவு. இலையையும் மகரந்தத்தையும் அதை வைத்துச் சமன்செய்தால் மகரந்தத்தில் எல்லாமே ஏறியதாகக் கணக்கு வரும். அதேபோல, பழுதான மரபணுவைத் திருப்பிக்கொடுத்துச் சரிபார்க்கும்போது வைரஸிலிருந்து எடுத்த பொது முன்னியக்கியான 35எஸ்-ஐப் பயன்படுத்தாதீர்கள். அராபிடாப்சிஸின் மகரந்தத் தாய்செல்லிலும் மகரந்தத்திலும் அது பலவீனம். வளம் திரும்பாததை வைத்து 'இந்த மரபணு இல்லை' என்று தவறாக ஒதுக்கிவிடுவீர்கள். மரபணுவின் சொந்த முன்னியக்கியை, சாதாரணமாக 1.5 முதல் 2 கிலோபேஸ் வரை, சேர்த்தே க்ளோன் செய்யுங்கள். அதோடு வரும் செடிகளில் காய் நீளத்தை மட்டும் அளக்காமல், மேலே சொன்ன சாயச் சோதனையையும் மாற்றுக் கலப்பையும் மறுபடி செய்யுங்கள்.