பணி நோக்கம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெஸ்யூமேக்களைப் படித்துத் தேர்வு செய்யும் பணியில் இருப்பதால், முதன்முறையாக வேலை தேடுவோர் ஒரே பள்ளத்தில் மீண்டும் மீண்டும் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எழுத்துப்பிழை, தவறான தொலைபேசி எண் போன்றவற்றை எல்லோரும் எச்சரித்துவிட்டார்கள். பெயருக்கும் தொடர்பு விவரங்களுக்கும் கீழே "பணி நோக்கம்" என்று வரும் அந்த இரண்டு மூன்று வரிகளைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

எவருக்கும் பொருந்தும் வாக்கியம்

"சவால் நிறைந்த சூழலில் என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி, நிறுவனத்தோடு சேர்ந்து நானும் வளர விரும்புகிறேன்." மூத்த மாணவர்களிடமிருந்து இளையவர்களுக்குக் கைமாறிக்கொண்டே வரும் இந்த வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனெனில், நல்ல விண்ணப்பங்களையும் இது மூழ்கடித்துவிடுகிறது.

கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பித்த ஒருவர் இதைத்தான் எழுதியிருந்தார். ஆனால், சிறு வணிகம் ஒன்றின் ரொக்க ஏட்டை வங்கி அறிக்கையோடு மாதந்தோறும் ஒப்பிட்டுச் சரிபார்த்த ஓராண்டு அனுபவம் அவருக்கு இருந்தது. அது இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடந்தது. முதல் சுற்றில் பார்த்தவர் அந்தப் பக்கத்தைப் புரட்டாமலேயே விண்ணப்பத்தை ஒதுக்கியிருந்தார். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை வைத்துக்கொண்டிருப்பவர், இவர் எந்தப் பணியிடத்துக்கு வந்திருக்கிறார், அதைச் செய்ய இவரால் முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் முதலில் விடை தேடுகிறார்; உங்கள் வளர்ச்சி விருப்பம் அவ்விரண்டுக்கும் விடையாகாது.

அவர் இப்படி எழுதியிருக்கலாம்: "கணக்கு உதவியாளர் பணியை நாடும் வணிகவியல் பட்டதாரி. சிறு வணிகம் ஒன்றில் ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில் ஓராண்டு அனுபவம் உண்டு. மாத இறுதிக் கணக்குகளை உரிய நேரத்தில் முடிக்க உதவ முடியும்." பணியின் பெயர், கையில் உள்ள திறன், அதனால் நிறுவனத்துக்குக் கிடைக்கும் பயன் ஆகிய மூன்றும் இதில் வந்துவிடுகின்றன.

பல நிறுவனங்கள் விண்ணப்பங்களை மென்பொருளில் சேமித்து, பணியின் பெயரையும் திறன்களையும் கொண்டு தேடுகின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். விளம்பரத்தில் உள்ள சொற்களில் உங்களுக்கு உண்மையாகப் பொருந்துவனவற்றை அப்படியே பயன்படுத்துங்கள். பொருந்தாதவற்றைச் சேர்த்தால் நேர்காணலின் முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொள்வீர்கள்.

எழுதி முடித்ததும், அந்த வரிகளை வேறு துறை நண்பர் ஒருவரின் ரெஸ்யூமேயில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் மாற்றி எழுதுங்கள்.

சம்பள எதிர்பார்ப்பு

இங்கே வேண்டாம்.

சான்றில்லாத அடைமொழிகள்

"கடின உழைப்பாளி", "விரைவாகக் கற்பவர்" போன்றவற்றை நீக்கிவிடுங்கள்.

பழைய நிறுவனத்தின் பெயர்

சென்ற வாரம் வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பியதை நகலெடுக்கும்போது அந்த நிறுவனத்தின் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. அனுப்புமுன் உரக்கப் படியுங்கள்.

தேவையில்லாதவர்களும் எழுதுவது

ஒரே துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவர், நோக்கத்துக்குப் பதிலாகத் தம் அனுபவத்தின் சுருக்கத்தை எழுதுவதே பொருத்தம். புதிதாக வேலை தேடுவோருக்கும், இடைவெளிக்குப் பின் திரும்புவோருக்கும், துறை மாறுவோருக்குமே பணி நோக்கம் உண்மையில் பயன்படுகிறது. குறிப்பாக, வகுப்பறையை விட்டு நிறுவனப் பயிற்சித் துறைக்குச் செல்ல விரும்பும் ஆசிரியர் ஒருவர், பாடத்திட்டம் வகுத்ததையும் கற்போரின் முன்னேற்றத்தை மதிப்பிட்டதையும் இங்கேயே குறிப்பிடாவிட்டால், தவறான பணிக்கு விண்ணப்பித்துவிட்டார் என்றே படிப்பவர் எண்ணக்கூடும்.