அன்டிவைரஸ் போடுவதற்காக அன்டிவைரஸை நிற்பாட்டாதீர்கள்

போன கிழமை திருநெல்வேலியிலிருந்து ஒரு கம்பஸ் பொடியன் அழைப்பெடுத்தான். "அண்ணை, ஒரு அன்டிவைரஸ் இறக்கினனான். போடேக்க விண்டோஸ் டிஃபென்டரை நிற்பாட்டச் சொல்லுது. அந்த செட்டிங் எங்கை கிடக்கு?"

டிஃபென்டர் என்பதே விண்டோஸோடு சேர்ந்து வரும் அன்டிவைரஸ்தான். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஆனால் அவனை ஏச எனக்கு வாயில்லை. அதே செட்டிங்கை 2020-இல் என் கையாலேயே நிற்பாட்டியவன் நான்.

பென் ட்ரைவை ஸ்கேன் பண்ணுங்கள், தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கிற பிள்ளைக்கும் தெரியும்.

கிராக் செய்த அன்டிவைரஸ்

ஊரடங்குக் காலம். கொக்குவிலில் பெரியம்மா வீட்டுக் கணினியில் தங்கச்சிக்கு ஒன்லைன் வகுப்பு. அதில் கிடந்த அன்டிவைரஸுக்குத் தவணை முடிந்து, "இன்றே புதுப்பியுங்கள்" என்று நாளுக்கு நாலு தரம் வகுப்புக்குக் குறுக்கே வந்து நின்றது. கடைகள் பூட்டு. டொலரில் காசு கட்டப் பெரியம்மாவுக்கு மனமில்லை. எனக்கோ கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டும். "முழுப் பதிப்பு, வாழ்நாள் கீ" என்று போட்டிருந்த ஒரு ஸிப் கோப்பை இறக்கினேன். காசு கட்டாமல் ஓடும்படி யாரோ பூட்டுடைத்த மென்பொருள், அதைத்தான் கிராக் என்பது.

அந்த ஸிப்புக்குப் பாஸ்வேர்ட் இருந்தது. இறக்கிய பக்கத்திலேயே பாஸ்வேர்டையும் எழுதி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும்படி எழுதுவதற்கு ஏன் ஒரு பூட்டு என்று அன்று யோசிக்கவில்லை. பூட்டிய ஸிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பிரவுசராலும் பார்க்க முடியாது, டிஃபென்டராலும் பார்க்க முடியாது. பூட்டியது அதற்காகத்தான். உள்ளே இருந்த குறிப்பு டிஃபென்டரை நிற்பாட்டச் சொன்னது. நிற்பாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் 'விண்டோஸ் அப்டேட்' என்று ஒரு பெட்டி வந்து வீதம் ஏறத் தொடங்கியது. சரி, அப்டேட் ஆகட்டும் என்று தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் படங்கள் எல்லாம் வெள்ளைக் கட்டங்களாக நின்றன. ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத நாலு எழுத்துகள். ஃபோல்டருக்கு ஃபோல்டர் 'ரீட்மீ' என்றொரு கடிதம்: 980 டொலர், 72 மணி நேரத்துக்குள் கதைத்தால் பாதி, 490. பிரதி எடுத்து வைக்கவென்று பக்கத்தில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கும் அதே கதி. அக்காவின் கலியாணப் படங்கள் இரண்டிலும்தான் இருந்தன.

அது டிஜேவு என்றும் ஸ்டொப் என்றும் சொல்லப்படும் ரான்சம்வெயார், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கும் வைரஸ். கிராக், கள்ளக் கீ உண்டாக்கும் கீஜென் இரண்டும்தான் அதன் வழக்கமான வாகனம். அந்த அப்டேட் பெட்டியும் அதன் வேலைதான், கோப்புகளைப் பூட்டி முடிக்கும்வரை ஆளைச் சும்மா இருத்திவைக்கக் காட்டும் படம். எம்சிசொஃப்ட் நிறுவனம் 2019-இல் இதற்கு ஒரு இலவசத் திறப்பை வெளியிட்டது. ஆனால் பழைய வகைகளுக்கும், கணினி இணையத்தில் இல்லாதபோது பூட்டப்பட்ட கோப்புகளுக்கும்தான் அது உதவும். கடிதத்தின் கீழே உள்ள அடையாள இலக்கம் 'டீ1' என்று முடிந்தால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். எங்களுடையது அப்படி முடியவில்லை.

இந்த வைரஸ் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டும். அதனால் பெரிய வீடியோக்கள் சிலவற்றை மீட்டோம். தாலி கட்டும் படங்கள் போனது போனதுதான். காசு கட்டவில்லை. பெரியம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை, அதுதான் இன்றைக்கும் குத்துகிறது.

"நான் போட்ட கிராக் நாலு வருஷமாக நல்லாத்தானே ஓடுது" என்பவர்களுக்கு ஒன்று. கள்ளக் கீ தடுப்புப் பட்டியலில் ஏறாமலிருக்க, பல கிராக்குகள் அன்டிவைரஸ் நிறுவனத்தின் சேர்வருக்குப் போகும் வழியையே அடைத்துவிடும். புது வைரஸ் விவரங்களும் அதே வழியால்தான் வரவேண்டும். பச்சைச் சரி அடையாளம் மட்டும் அப்படியே நிற்கும், உள்ளே சரக்கில்லை. அதோடு, அன்டிவைரஸ் என்பது கணினியின் எல்லா மூலைக்கும் போகிற அதிகாரத்தோடு ஓடுவது. யாரோ கைவைத்த ஒன்றுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுப்பதை என்னால் இன்றும் பொறுக்க முடிவதில்லை. கிராக் வேண்டாம், இலவசமானதே போதும் என்று இருந்தாலாவது பரவாயில்லை.

ஒன்றுக்கு இரண்டு போடுவது

வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கணினியைப் படுக்கவைக்கும்.

இலவசம் என்றால் கேள்வி கேட்காமல் விடுவது

அவாஸ்ட் நிறுவனம் பாவனையாளர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷொட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. 2024-இல் அமெரிக்க வணிக ஆணைக்குழு அதற்காக 1 கோடியே 65 லட்சம் டொலர் கட்டவைத்தது. இலவசமானது எதைப் போட்டாலும், விவரங்களைப் பகிரும் செட்டிங்கைத் தேடி மூடிவிடுங்கள்.

பாதுகாப்புப் புள்ளியை மட்டும் பார்ப்பது

ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் ஏவி-கொம்பரேட்டிவ்ஸ் இரண்டும் அன்டிவைரஸ்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை இலவசமாகப் போடுகின்றன. ஏவி-டெஸ்டில் பாதுகாப்பு, வேகம், பாவனை என மூன்றுக்கும் தலா 6 புள்ளி. எங்கள் வீடுகள் பலவற்றில் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினிகள். ஆகவே நான் முதலில் வேகப் புள்ளியைப் பார்ப்பேன். பாதுகாப்பில் முன்னுக்கு நிற்பவற்றுக்குள் வித்தியாசம் சொற்பம். விண்டோஸோடு சும்மா வரும் டிஃபென்டரும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

விண்டோஸ் 7-க்கு எது நல்லது?

எதுவுமில்லை. 2020 ஜனவரியோடு அதற்கு அப்டேட் நின்றுவிட்டது.

கனடாவிலிருந்து வந்த லப்டொப்

மாமா அனுப்பும் லப்டொப்பில் ஏதாவது ஒரு அன்டிவைரஸ் மாதிரிக்குப் போட்டே வரும். அது இருக்கும்வரை டிஃபென்டர் பெரும்பாலும் ஒதுங்கியிருக்கும். தவணை முடிந்தபிறகும் அதை அழிக்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். அழித்துவிட்டுக் கணினியை ஒருமுறை நிற்பாட்டிப் போடுங்கள், டிஃபென்டர் தானாக எழும்பும். புதுப்பித்துத்தான் ஆகவேண்டும் என்றால், முதல் வருஷத்து விலைக்கழிவைப் பார்த்து ஏமாறாமல் இரண்டாம் வருஷ விலையைப் பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் தெரிவையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அந்தக் கம்பஸ் பொடியனுக்கு, டிஃபென்டரை நிற்பாட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் ரான்சம்வெயார் பகுதியில் உள்ள ஃபோல்டர் பாதுகாப்பைப் போடச் சொன்னேன். படங்கள், ஆவணங்கள் உள்ள ஃபோல்டர்களில் தெரியாத மென்பொருள் எதையும் அது எழுதவிடாது. இரண்டு நாளில் திரும்ப எடுத்தான்.

"அண்ணை, என்ரை போட்டோ எடிட்டரை அது மறிக்குது. விடலாமோ?"

"எங்கையிருந்து இறக்கினனீ?"

"கூட்டாளி ஒருத்தன் லிங்க் அனுப்பினவன்."

"ஸிப்புக்குப் பாஸ்வேர்ட் இருந்ததோ?"

"ஓம்."