மிச்சம் வைத்த நாலு மாத்திரை: ஆன்டிபயாட்டிக்கில் நாம் செய்யும் தவறுகள்

மருந்து டப்பாவைத் துழாவினால் பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டை கிடைக்கும். ஆறு காலி, நாலு மிச்சம். யாருக்கு வாங்கியது, எதற்கு வாங்கியது என்று வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. ஆன்டிபயாட்டிக் என்பது மட்டும் மறக்காது. அடுத்த முறை யாருக்காவது தொண்டை கரகரத்தால் அந்த நாலும் உள்ளே போய்விடும்.

எண்ணிப் பார்த்தால் இதில் மூன்று தவறுகள் இருக்கின்றன. முதல் முறை வாங்கியவர் பாதியில் நிறுத்தியிருக்கிறார். வேறொரு நோய்க்குக் கொடுத்த மருந்தை இப்போது இன்னொருவர் சாப்பிடுகிறார். அதைவிடப் பெரிய தவறு, அந்தத் தொண்டைக் கரகரப்புக்கு ஆன்டிபயாட்டிக்கே தேவைப்பட்டிருக்காது.

அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பென்சிலின், அமாக்ஸிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டும் சுவரை எழும்ப விடாமல் செய்கின்றன. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்றவை பாக்டீரியா புரதம் தயாரிக்கும் இடத்தில் போய் அடைக்கின்றன. வைரஸுக்குச் சுவரும் கிடையாது, சொந்தமாகப் புரதம் தயாரிக்கும் ஏற்பாடும் கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து நம் சரக்கிலேயே பிழைப்பு நடத்துகிறது. அதனால் வைரஸால் வரும் ஜலதோஷம், ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி, நெஞ்சுச் சளி ஆகியவற்றில் இந்த மருந்துகளுக்கு வேலையே இல்லை.

"சளி பச்சையாக வருகிறதே?" என்று கேட்பார்கள். அந்த நிறம் கிருமியோடு மல்லுக்கட்டும் நம் வெள்ளையணுக்களால் வருவது. வைரஸ் சளியிலும் அதே நிறம் வரும். "மூன்றாம் நாள் போட்டேன், ஐந்தாம் நாள் பளிச்சென்று ஆகிவிட்டது" என்பது அடுத்த வாதம். போடாமல் இருந்திருந்தாலும் அநேகமாக ஐந்தாம் நாள் சரியாகியிருக்கும். டாக்டர் தேவையில்லை என்று சொன்னால், ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நச்சரிக்காதீர்கள். எந்த அறிகுறி தெரிந்தால் திரும்ப வரவேண்டும் என்று கேட்டு வாருங்கள், அது உதவும்.

சரி, பாக்டீரியா தொற்றுதான், மருந்து எழுதியாயிற்று. இனி வீட்டில் நடக்கும் தவறுகளுக்கு வருவோம்.

தினம் மூன்று வேளை என்று சீட்டில் இருந்தால் நம் மனம் உடனே சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடுகிறது. காலை 8, மதியம் 1, இரவு 8. பகலில் ஐந்து மணி நேரத்தில் அடுத்த மாத்திரை, ராத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. அமாக்ஸிசிலினின் அளவு ரத்தத்தில் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அந்த மருந்து எவ்வளவு நேரம் போதிய அளவில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பாக்டீரியா சாகும். ராத்திரி முழுக்க இடைவெளி விட்டால் கிருமி மூச்சு வாங்கிக்கொள்ளும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். நிமிடம் பிசகக் கூடாது என்றில்லை. எட்டு மணி நேரத்தை ஒட்டி வந்தால் போதும். ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடவேண்டாம்.

எத்தனை நாள் போடவேண்டும் என்பதும் மருந்துக்கு மருந்து மாறும். அசித்ரோமைசினை மூன்றே நாளுக்கு எழுதியிருந்தால் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். அது திசுக்களில் தங்கி மெதுவாகத்தான் வெளியேறும், மாத்திரை முடிந்த பிறகும் வேலை நடக்கும். ஸ்ட்ரெப் பாக்டீரியாவால் வரும் தொண்டை வலிக்குப் பென்சிலின் என்றால் வழக்கமாக 10 நாள். மூன்றாம் நாளே வலி போய்விடும், ஆனாலும் தொடரச் சொல்வது பின்னால் இதய வால்வைப் பாதிக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கத்தான். காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதம்.

அரைகுறை அளவில் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று, பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் தன் நோபல் உரையிலேயே எச்சரித்தார். ஆனால் இதன் மறுபக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக நாலு நாள் போடுவதும் கெடுதல்தான். நம் குடலிலும் தோலிலும் சும்மா இருக்கும் பாக்டீரியாக்களும் அதே மருந்தில் குளித்து, அதைத் தாங்கப் பழகிவிடுகின்றன. முன்பு நீண்ட நாள் மருந்து கொடுத்த பல தொற்றுகளுக்கு இப்போது குறைந்த நாட்களே போதும் என்று தெரிந்திருக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாக நீட்டவும் செய்யாதீர்கள். நன்றாக ஆகிவிட்டது, நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக 2019-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு.

மாத்திரையை விழுங்குவதில் என்ன தவறு வரப்போகிறது என்று நானும் நினைத்திருந்தேன். ஒருமுறை டாக்ஸிசைக்ளின் கேப்சூலை ஒரு மடக்குத் தண்ணீரில் தள்ளிவிட்டு அப்படியே படுத்தேன். அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு கரைந்திருக்கிறது. மறுநாள் எச்சில் விழுங்கினாலும் நெஞ்சுக்கு நடுவே முள் குத்தியது; நாலு நாள் கஞ்சியோடு கழிந்தது. இந்த மருந்துக்கு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வேண்டும், அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்கவேண்டும். வெயிலிலும் கவனம், தோல் சீக்கிரம் கன்றிவிடும்.

டாக்ஸிசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்ஸசினும் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்து ஆகியவற்றோடு வயிற்றிலேயே பிணைந்து, உடலில் சேராமல் வீணாகிவிடும். சிப்ரோஃப்ளாக்ஸசினை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிடச் சொல்வார்கள், பாலோடும் வேண்டாம். இதைக் கேட்டுவிட்டு எல்லா ஆன்டிபயாட்டிக்குக்கும் பாலே ஆகாது என்று முடிவுகட்ட வேண்டாம். அமாக்ஸிசிலினுக்குப் பால் பிரச்சினையில்லை. சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுரான்டோயினைச் சாப்பாட்டோடுதான் போடவேண்டும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பிடும் நாட்களிலும் முடிந்து மூன்று நாள் வரையிலும் மது கூடாது.

குழந்தைகளின் பவுடர் சிரப் தனிக் கதை. முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் கெட்டியாகியிருக்கும் பவுடரை உதிர்க்கவேண்டும். காய்ச்சி நன்றாக ஆறவைத்த தண்ணீரைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றிக் குலுக்கினால் நுரை பொங்கும். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருக்கும். அப்போதுதான் கோடு வரை நிரப்பவேண்டும். நுரையையே கோடாக எடுத்துக்கொண்டால் மருந்து அடர்த்தியாகிவிடும். கோட்டைத் தாண்டி ஊற்றினால் நீர்த்துப்போகும். சமையலறை ஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறும், கூடவே வரும் மூடியோ சிரிஞ்சோதான் சரி. ஒவ்வொரு முறையும் குலுக்கவேண்டும். கலந்த மருந்து பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரங்களுக்கு மேல் தாங்காது. அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த சிரப்பை ஃப்ரிட்ஜில்தான் வைக்கவேண்டும். அப்புறம், அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பிக்கு ஊற்றுவது அளவிலேயே பிழை.

டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லவேண்டியவை சில உண்டு: கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, வேறு மருந்துகள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். பென்சிலின் ஒத்துக்காது என்று சிறு வயதில் யாரோ சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை, நல்ல மருந்து வீணாகக் கைநழுவிப் போகிறது.

ஆனால் மருந்து போட்டதும் உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அது அவசர சிகிச்சைக்கான விஷயம், காத்திருக்கக் கூடாது. லேசான வயிற்றுப்போக்கு வந்து போகும். தண்ணீராக அடிக்கடி போனாலோ ரத்தம் கலந்து வந்தாலோ, மருந்து முடிந்து சில வாரம் ஆகியிருந்தாலும், பேதி நிறுத்தும் மாத்திரையைத் தானாகப் போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

நடுவில் டாக்டரே மருந்தை மாற்றினால் மாத்திரை மிச்சமாவது சகஜம். அதைக் கழிவறையில் கொட்டாதீர்கள். திரும்ப வாங்கிக்கொள்ளும் மருந்துக் கடை இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடு கலந்து, ஒரு பையில் இறுக்கக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.