மொத வேலை தேடுதீயளா? அண்ணாச்சிட்ட சொல்றதுக்கும் ஒரு முறை இருக்கு

நம்ம நெல்லைப் பக்கம் நெறைய பேருக்கு மொத வேலை சொந்தக்காரவுக, பக்கத்து வீட்டு அண்ணாச்சி யாராச்சும் கைகாட்டி விட்டுத்தான் கெடச்சிருக்கும், அதுல ஒரு வெக்கமும் இல்ல. ஆனா "ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி"ன்னு மொட்டையா சொன்னா அவுக தலையாட்டிட்டு மறந்துருவாவ. என்ன படிச்சிருக்கீங்க, டேலி (கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற சாப்ட்வேர்) தெரியுமா, வண்டி லைசென்ஸ் இருக்கா, சென்னை கோயம்புத்தூர்னா போவீங்களா, எப்ப சேரலாம், இத நாலே வரில வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க, அவுக அத அப்படியே நாலு பேருக்கு தட்டி விட்ருவாவ.

ஐடிஐ, டிப்ளமோ முடிச்சவுக அப்ரண்டிஸ விட்டுராதீங்க. மத்திய அரசு அப்ரண்டிஸ்ஷிப் போர்டல்ல பதிஞ்சு வச்சா உதவித்தொகையோட வேலை பழகலாம், அங்கயே நிரந்தரமாக்குவாவன்னு உறுதி கெடையாது, ஆனா அடுத்த எடத்துல "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா"ன்னு கேட்டா சொல்ல ஒண்ணு இருக்கும்லா. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் ஆள் தெரிஞ்சா எந்த கம்பெனில ஆள் எடுக்காவன்னு விசாரிச்சிட்டு போங்க, சும்மா ஒவ்வொரு கம்பெனி வாசலா வெயில்ல அலையாதீங்க.

வேலைவாய்ப்பு ஆபீஸ் பதிவ 3 வருசத்துக்கு ஒருக்க புதுப்பிக்கணும், பலபேரு இதத்தான் கோட்ட விடுதாவ. தனியார் வேலைக்குன்னு தமிழ்நாடு அரசே தனி வெப்சைட் வச்சிருக்கு, காசு கெடையாது. வேலைக்கு முன்னாலயே "டெபாசிட் கட்டு"ன்னு எவனாச்சும் கேட்டா போன கட் பண்ணிருங்க.