கவுன்சில் தந்த காசில் மிச்சம் இருந்தால் தொடாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் போயிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பல வருடம் லண்டனில் இருந்துவிட்டு இப்போது கல்லடியில் இருக்கிறேன். எங்கட ஆட்கள் நாலு பேர் ஒரு நகரத்தில் சேர்ந்தால் கொஞ்ச நாளில் ஒரு சங்கம் தொடங்கிவிடும். மூத்தோர் சந்திப்பு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, பொடியன்களின் கிரிக்கெட் என்று ஏதாவது ஒன்று. நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். அப்போது யாராவது ஒருவர் சொல்வார், "கவுன்சில் காசு தருமாம், எடுக்கலாம்" என்று. கவுன்சில், அதாவது அந்த இடத்து உள்ளூராட்சி சபை, தரும், உண்மைதான். ஆனால் அந்தக் காசின் குணம் ஊர்க் காசின் குணம் இல்லை.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில், நடுவில் உள்ள சிட்டி ஒஃப் லண்டனைத் தவிர, பரோ என்னும் உள்ளூர்ப் பிரிவுகளுக்கு 32 கவுன்சில்கள் இருக்கின்றன. மானியத் திட்டம் உள்ளவை அதைத் தங்கள் இணையத்தளத்திலேயே அறிவிக்கும். சில இடங்களில் வார்டு கவுன்சிலர்களுக்கென்று ஒதுக்கிய சிறு தொகையிலிருந்தும் கேட்கலாம். விண்ணப்பத்துக்குப் பொதுவாக யாப்பு (சங்கத்தின் எழுதிய விதிகள்), நிர்வாக சபையின் விபரம், கடந்த ஆண்டுக் கணக்கு, சிறுவர் பாதுகாப்புக் கொள்கை, காப்புறுதி, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் இருவரும் உறவாக இருக்கக் கூடாது. கணவன் தலைவர், மனைவி பொருளாளர் என்றால் அங்கேயே நின்றுவிடும். சங்கம் அறப்பணிக்கானது, வருட வருமானம் 5,000 பவுணைத் தாண்டுகிறது என்றால் அறக்கொடை அமைப்புகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனில் பதிய வேண்டும். விசாவில் அரச நிதி பெற முடியாது என்று எழுதியிருக்கிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள். அது தனி ஆளுக்குக் கிடைக்கும் உதவிப்பணத்தைப் பற்றியது, சங்கத்துக்கு வரும் மானியம் அதில் சேராது. படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால், தொண்டு அமைப்புகளுக்கு இலவசமாக வழிகாட்டும் நிலையங்கள் பெரும்பாலான பகுதிகளில் உண்டு. வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள்.

கவுன்சிலரைப் பிடித்து வேலை பார்க்கலாம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். எங்கட ஊரில் எம்.பி.யிடம் போய், அவருக்கென்று ஒதுக்கிய பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் கதிரையும் ஒலிபெருக்கியும் கேட்பது வழக்கம். இங்கிலாந்திலோ என்னென்ன பார்ப்போம் என்று கவுன்சில் முன்கூட்டியே அறிவித்து, அதிகாரிகள் அதற்கேற்பப் புள்ளி போடுகிறார்கள். கவுன்சிலர் உங்கள் சங்கத்தில் இருந்தால் அதை வெளிப்படுத்திவிட்டு அந்த முடிவிலிருந்து விலகி நிற்க வேண்டும். "எமது கலாசாரத்தைக் காக்க" என்று மட்டும் எழுதினால் புள்ளி குறைவாகத்தான் வரும். "இந்தப் பரோவில் தனிமையில் இருக்கும் முதியவர்களுக்கு வாரம் ஒரு மதிய உணவு, யாரும் வரலாம்" என்று எழுதுங்கள். கோயில் திருவிழாவுக்குக் கேட்க வேண்டாம், சமயத்தைப் பரப்பும் வேலைக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. 2020இல் குரொய்டனும் 2023இல் பர்மிங்ஹாமும் வரவு செலவைச் சமப்படுத்த முடியவில்லை என்று சட்டத்தின் 114ஆம் பிரிவு அறிவித்தல் விட்ட பிறகு, கவுன்சில்களில் ஒவ்வொரு பவுணையும் உற்றுப் பார்க்கிறார்கள்.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஊரில் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். பிரதேச செயலகம் ஒரு மதகையோ உள்வீதியையோ சங்கத்துக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கும். டீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து அளப்பார், பில் பாஸ் ஆகும், சிக்கனமாகச் செய்ததில் மிஞ்சினால் அது சங்க நிதி. அந்த மிச்சத்தில்தான் எத்தனையோ ஊரில் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஒப்பந்தக் காசுக்கு அது சரி. கவுன்சில் தருவது ஒப்பந்தம் இல்லை, மானியம். எந்த வேலைக்கென்று தந்தார்களோ அந்த வேலைக்கு மட்டுமே அது உங்கள் காசு. மிஞ்சியது கவுன்சிலுடையது.

எனக்கு மச்சான் முறையான ஒருவர் லண்டனில் ஒரு சங்கத்தின் பொருளாளர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரர், கணக்கில் ஒரு சதம் பிசகாதவர். அவர்கள் மூத்தோர் மதிய உணவுக்கு மானியம் எடுத்தார்கள். மண்டபக்காரர் நல்ல மனிதர், வாடகையைப் பாதியாகக் குறைத்தார். அதனால் கணக்கில் ஒரு தொகை மிஞ்சிக் கிடந்தது. அந்த நேரம் ஊரில் 2024 கார்த்திகை வெள்ளம் வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் பாதைகள் மூழ்கி, வயல் எல்லாம் கடலாகக் கிடந்த படங்கள் இரவிரவாக வட்ஸ்அப்பில் போய்க்கொண்டிருந்தன. தாய் தகப்பன் ஊரில் இருக்க, லண்டனில் யாருக்கு நித்திரை வரும்? நிர்வாக சபையின் வட்ஸ்அப் குழுவில் ஒருவர், "காசு கணக்கில் சும்மாதானே கிடக்கு, இப்ப அனுப்புவோம், நத்தார் ஒன்றுகூடலில் சேர்த்துத் திருப்பிப் போடுவோம்" என்று எழுதினார். எல்லோரும் சம்மதம் என்றார்கள். மச்சான் அனுப்பினார்.

அந்த உலர் உணவுப் பொதிகளைப் பங்கிட்டபோது நான் அங்கே நின்றேன். அரிசியும் பருப்பும் மாவும் போய்ச் சேர வேண்டிய வீடுகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. அவர்கள் மனத்தில் ஒரு குற்றமும் இல்லை, இதை எந்த இடத்திலும் சொல்வேன்.

மானியக் காலம் முடிந்ததும் கவுன்சில் அறிக்கையோடு வங்கிக் கூற்றையும் கேட்டது. இலங்கைக்கு அனுப்பிய வரி அதில் அப்படியே இருந்தது. ஒன்றுகூடலில் சேர்த்த காசைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்தான், ஆனாலும் எடுத்தது எடுத்ததுதான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். தொகையைத் திருப்பிக் கேட்டார்கள், அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கவும் விடவில்லை. வாரா வாரம் பஸ் ஏறி வந்து சோறும் சொதியும் சாப்பிட்டுக் கதைத்துவிட்டுப் போன கிழவிகளுக்கு அந்தச் சந்திப்பு நின்று போனது. அதைவிட எனக்குக் கோபம், எங்கட ஆட்களே "பொருளாளர் காசை அடிச்சிட்டாராம்" என்று கதை கட்டியதுதான். குழுவில் சம்மதம் போட்டவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஊரில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வருடக் கணக்கைச் சபையில் எழுந்து நின்று வாசிக்கிறார், கேள்வி கேட்பவர் அங்கேயே கேட்கிறார். அந்த ஒழுங்கைக் கடல் கடந்ததும் ஏன் விட்டுவிடுகிறோம்?

ஆகவே மானிய ஒப்பந்தம் கைக்கு வந்ததும் ஒரு கூட்டம் வையுங்கள். அதை முழுதாகத் தமிழில் சொல்லி, கூட்ட அறிக்கையில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பதிவு செய்து தனிச் சட்ட உருவம் எடுக்காத சங்கம் என்றால், கடன் வந்தால் நிர்வாக சபையினர் தங்கள் கைக்காசில் கட்ட நேரலாம் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் செலவழித்ததற்கும் பொதுவாகக் காசு தர மாட்டார்கள்.

மிச்சம் வரும் என்று தெரிந்த அன்றே அதிகாரிக்கு மின்னஞ்சல் போடுங்கள். "வாடகை குறைந்தது, அதைச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா, காலத்தை நீட்டலாமா?" என்று செலவழிக்கும் முன் கேட்டால் பலர் இடம் கொடுப்பார்கள். மச்சான் அப்படிக் கேட்டிருந்தால் அந்தக் கிழவிகள் இன்னும் சில மாதம் வந்திருப்பார்கள். ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பக் கேட்க வேண்டாம். அது அந்தப் பரோ மக்களுக்கென்று ஒதுக்கிய காசு.

ஊருக்கு அனுப்பத்தான் வேண்டும். 78 சூறாவளி, 2004 சுனாமி, 2011 வெள்ளம் எல்லாவற்றிலும் வெளியில் இருந்தவர்கள் கைகொடுத்தார்கள், இனியும் கொடுப்பார்கள். அதற்கு வேறு வழி வையுங்கள். யாப்பின் நோக்கங்களில் இலங்கையில் இடர் நிவாரணம் என்பதையும் சேருங்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் முன், ஒக்டோபருக்குள், தனிக் கணக்கில் வெள்ள நிதி ஒன்றைத் தொடங்குங்கள். காசு கேட்கும் அறிவித்தலிலேயே "மிஞ்சினால் அடுத்த இடருக்கு வைப்போம்" என்று எழுதிவிடுங்கள், ஏனென்றால் வெள்ளத்துக்கென்று சேர்த்த காசையும் நினைத்தபடி வேறு வேலைக்குத் திருப்ப முடியாது. ஊரில் பங்கிடுபவர்களிடம் பற்றுச்சீட்டும், கிராம உத்தியோகத்தர் ஒப்பமிட்ட குடும்பப் பட்டியலும் கேட்டு வாங்குங்கள். இந்தப் பக்கம் பட்டியல் எடுக்க ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள், கிரானோ திருக்கோவிலோ எதுவானாலும் நான் போய் நிற்கிறேன்.